பலாலியில இறங்கக்கூடிய ஒரு விமானமாவது எடுங்கோ: ஸ்ரீலங்கன் எயார்லைன்சுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் தலைவருக்கும் பணிப்பாளர் சபையில இருக்கிறவைக்கும், சிவில் விமான சேவைக்குப் பொறுப்பான அமைச்சருக்கும்,

2025 ஜூனில குத்தகைக்கு எடுத்த எயார்பஸ் ஏ330-200 ஒண்டு கொழும்புக்குக் கிட்ட இருக்கிற கட்டுநாயக்கா விமான நிலையத்தில வந்து இறங்கினதை எல்லாரும் பாத்தனாங்கள். கன வருசத்துக்குப் பிறகு கொம்பனிக்கு ஒரு பெரிய விமானம் வருகுது, சந்தோசம்தான், கொம்பனி எழும்பவேணும் எண்டுதான் நானும் விரும்புறன், ஏனெண்டா அதின்ர கடனைக் கட்டுற ஆக்களில யாழ்ப்பாணத்தில இருக்கிற நாங்களும் அடக்கம், சவர்க்காரம் வாங்கினாலும் வற், போனுக்கு ரீலோட் போட்டாலும் வரி, அதில ஒரு பங்கு எப்பிடியோ உங்களிட்ட வந்துதான் சேருது. ஆனா பழசைக் கழிக்கிறது, புதுசைக் குத்தகைக்கு எடுக்கிறது, நிண்டுபோன ஏ320 நியோக்களுக்கு எஞ்சின் தேடுறது எண்டு இவ்வளவு காலமா நீங்கள் சொல்லிக்கொண்டு வாற திட்டங்களில எங்கட யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலி எண்ட பேரை நான் ஒரு இடத்திலயும் காணேல்ல. அதுதான் இந்தக் கடிதம்.

உங்களிட்ட இருக்கிறது ஏ320, ஏ321, ஏ330, எல்லாம் ஜெற். பலாலியில இப்ப பாவனையில இருக்கிற ஓடுபாதை கிட்டத்தட்ட 1,400 மீற்றர். அதில ஏடிஆர் 72 மாதிரி புரொப்பெல்லர் விமானம் இறங்கி ஏறும், இந்தியாக்காரர் இறக்கிக் காட்டிக்கொண்டுதான் இருக்கினம், உங்களிட்ட இருக்கிற ஒண்டும் இறங்காது. கேக்கிற இடமெல்லாம் "ஓடுபாதை காணாது" எண்ட பதிலோட கதை முடிஞ்சுபோகுது. அது அரைக் கதை. ஓடுபாதைக்குப் பொருந்துற விமானம் ஒண்டுகூட எடுக்காமல் விட்டது மற்ற அரைக் கதை, அந்த அரையை ஒருத்தரும் சொல்லுறேல்ல. எந்த விமானத்தை எடுக்கிறது எண்டு முடிவெடுக்கிற மேசையிலயே எந்த ஊருக்குப் போறேல்ல எண்டதும் முடிவாகிடுது, அந்த மேசையில யாழ்ப்பாணத்துக்காக ஆராவது வாய் திறந்தவையோ எண்டுதான் கேக்கிறன்.

ஒரு படத்தை எடுத்து கட்டுநாயக்காவில இருந்து சென்னைக்கு அடிமட்டத்தை வைச்சு நேர்கோடு கீறிப் பாருங்கோ. கோடு யாழ்ப்பாணத்துக்கு மேலாலதான் போகும், வலப்பக்கமும் இல்லை இடப்பக்கமும் இல்லை, எங்கட கூரைக்கு மேலால. கட்டுநாயக்கா சென்னை ஒரு 645 கிலோமீற்றர், பலாலி சென்னை 360 வரும், பலாலி திருச்சி 200 கூட இல்லை. இவ்வளவு கிட்ட இருக்கிற சென்னைக்கு உங்கட விமானத்தில போறதெண்டா நாங்கள் முதல்ல றோட்டால தெற்க கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் போய், அங்க ஏறி, திரும்ப எங்கட வீட்டுக்கு மேலாலயே பறந்து வடக்க போகவேணும். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதெண்டு சொல்லுவினம், இது நாட்டைச் சுத்தி.

அப்பாவைக் கண்ணுக்குக் காட்ட சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகேக்க இப்பிடித்தான் போனது. இந்தியக் கொம்பனியின்ர பலாலி விமானத்தில அந்தக் கிழமை சீற் இல்லை, ஆஸ்பத்திரித் திகதியை மாத்தேலாது. விடியப் பிளேன், அதுக்கு முதல்நாள் பின்னேரமே ஹைஏஸ் வானில வெளிக்கிட்டாச்சு. அப்பாவுக்கு எழுபதைத் தாண்டியிட்டுது, சலரோகம், இன்சுலினை ஐஸ் போட்ட பிளாஸ்குக்க வைச்சு மடியில வைச்சிருந்தன், அனுராதபுரம் தாண்டேக்க ஐஸ் கரைஞ்சு போச்சு, புத்தளம் றோட்டில ஒரு தேத்தண்ணிக் கடையில சிங்களத் தாய் ஒராள் தன்ர குளிர்பெட்டியைத் திறந்து ஐஸ்கிறீம் வைச்சிருந்த பக்கத்தால சுரண்டி ஐஸ் அள்ளிப் போட்டுத் தந்தா, காசு குடுக்க வாங்கேல்ல. சிலாபம் வரேக்க அப்பாவின்ர கால் வீங்கி செருப்புக்குள்ள போகேல்ல. கட்டுநாயக்காவில சக்கர நாற்காலி கேட்டு எடுத்தனாங்கள். பிறகு பிளேன் எழும்பி கொஞ்ச நேரத்தில மேகம் விலக, கீழ தீவுகளும் கடல்நீரேரியும் படத்தில கீறினமாதிரித் தெரிஞ்சுது, அப்பா யன்னலால எட்டிப் பாத்திட்டு "உதில நிப்பாட்டச் சொல்லு, நான் இறங்கி வீட்ட போறன்" எண்டார். பக்கத்தில இருந்த ஆள் சிரிச்சுப்போட்டார். அப்பா சிரிக்கேல்ல.

வான் காசு பிளேன் ரிக்கெற்றுக்குக் கிட்ட வந்தது எண்டதையும் சொல்லவேணும். வெளிநாட்டில இருந்து ஆக்கள் வரேக்கயும் இதுதான், ஏத்த ஒரு வான், இறக்க ஒரு வான், ஒவ்வொரு வானிலயும் பாதிக் குடும்பம், நித்திரை தூங்கி ஓட்டுற சாரதி. ஏ9 வழியில விடியப்புறம் எயார்போர்ட் வான் மோதினது எண்டு பேப்பரில வாற செய்தி எங்களுக்குப் புதுசில்லை, செத்தவையின்ர பேரைப் பாத்து ஆர் வீட்டுப் பிள்ளை எண்டு விசாரிக்கிறதும் புதுசில்லை.

இனி உங்கட கொம்பனியின்ர கதையை உங்களுக்கே கொஞ்சம் சொல்லவேண்டி இருக்கு, ஏனெண்டா கொம்பனி 1979இல பிறந்தமாதிரித்தான் இப்ப பேச்சு நடக்குது. அதுக்கு முதல் எயார் சிலோன் எண்டு ஒண்டு இருந்தது. இந்த நாட்டின்ர தேசிய விமான சேவையின்ர முதல் பறப்பு 1947 டிசம்பர் 10, சுதந்திரம் கிடைக்க ரெண்டு மாசத்துக்கு முதல். டக்கோட்டா டிசி-3 விமானம். இரத்மலானையில எழும்பி எங்க போனது தெரியுமோ, லண்டனுக்கு இல்லை, சிங்கப்பூருக்கு இல்லை, காங்கேசன்துறைக்கு, அதாவது பலாலி ஓடுபாதைக்கு, அங்கயிருந்து மட்ராசுக்கு. முதல் நாளே யாழ்ப்பாணத்தால போன சேவை. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி எண்டு மூண்டு டக்கோட்டா, இதைவிட வடிவான பேர் பிறகு நீங்கள் வைச்சதாத் தெரியேல்ல.

பிறகு 1949இல அவுஸ்திரேலியக் கொம்பனியோட சேர்ந்து டிசி-4 வைச்சு லண்டனுக்கும் சிட்னிக்கும் ஓடினவை, 1956இல கேஎல்எம்மோட சேர்ந்து கொன்ஸ்ரலேசன், பிறகு பிஓஏசி எண்ட பிரித்தானியக் கொம்பனியோட கொமற், விசி10, 1969இல ட்ரைடன்ற். இதில கவனிக்கவேண்டியது என்னெண்டா, அவ்வளவு பெரிசா தூர நாடுகளுக்கு ஓடேக்கயும் உள்ளூருக்கும் மட்ராசுக்கும் ஓட எண்டு சின்ன விமானம் தனியா வைச்சிருந்தவை. டக்கோட்டா கிழடு தட்டினவுடன அதுக்குப் பதிலா 1964இல அவ்ரோ 748 வந்தது, ரெண்டு புரொப்பெல்லர் எஞ்சின், கட்டை ஓடுபாதையில இறங்கவெண்டே செய்த சாமான். எங்கட பெரியாக்கள் இப்பவும் அவ்ரோ எண்டுதான் சொல்லுவினம், ஏறோப்பிளேன் எண்டு சொல்லாயினம். காலமை பலாலியில ஏறி, மட்ராசில சீலை எடுத்துக்கொண்டு வந்த கலியாணக் கதையள் எல்லா வீட்டிலயும் ஒண்டு கிடக்கும். அண்டைக்கு பணக்கார நாடா இருந்து செய்யேல்ல, எந்த வழிக்கு எந்த அளவு விமானம் எண்ட கணக்கு விளங்கினபடியால் செய்தவை.

அந்த அவ்ரோவுக்கு என்ன நடந்தது எண்டதையும் நான் மறைக்கேல்ல. 1978 செப்டம்பர் 7, பலாலியில இருந்து போய் இரத்மலானையில நிக்கேக்க குண்டு வெடிச்சு அழிஞ்சது, நல்லகாலம் ஆக்கள் இறங்கியிட்டினம், வைச்சது புலிகள். 1986 மே 3 கட்டுநாயக்காவில மாலைதீவுக்குப் போக நிண்ட ட்ரைஸ்டாரில குண்டு வெடிச்சு 21 சனம் செத்தது. 2001 ஜூலை 24 விமான நிலையத் தாக்குதலில உங்கட எயார்பஸ்கள் எரிஞ்சது. இதெல்லாம் கொம்பனிக்கு விழுந்த அடி, அதில வேலை செய்தவைக்கும் விழுந்த அடி, தமிழாக்கள் இதைக் கதைக்காமல் விமானம் மட்டும் கேட்டால் அது நேர்மை இல்லை. சண்டை நடந்த காலத்தில பலாலிக்கு ஏன் வரேல்ல எண்டு நான் கேக்கேல்ல. சண்டை 2009இல முடிஞ்சுது. அதுக்குப் பிறகான காலத்துக்குத்தான் கணக்குக் கேக்கிறன்.

அந்தச் சண்டைக் காலத்திலயும் சனம் பறக்காமல் இருக்கேல்ல எண்டதையும் சொல்லவேணும். பாதை பூட்டி, கப்பல் இல்லாமல், உங்கட கொம்பனி வராத இடத்துக்கு தனியார் ஆக்கள் பழைய அன்ரனோவ் விமானங்களைக் கொண்டுவந்து ஓடினவை, உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஏறின சனம். 1998 செப்டம்பர் 29 லயன் எயார் அன்ரனோவ்-24 பலாலியில ஏறி இரணைதீவுப் பக்கம் கடலில விழுந்து 55 பேர் செத்துப்போச்சினம். கன வருசம் உடைஞ்ச துண்டுகூட எடுபடேல்ல, சண்டை முடிஞ்ச பிறகுதான் கடலுக்கடியில கண்டுபிடிச்சவை.

சரி, இனி எயார் லங்கா, எயார் சிலோனுக்குப் பிறகு வந்த உங்கட பழைய பேர். 1979 செப்டம்பர் 1, சிங்கப்பூர் எயார்லைன்சிட்ட குத்தகைக்கு எடுத்த ரெண்டு போயிங் 707ஓட தொடங்கினீங்கள். பிறகு லொக்கீட் ட்ரைஸ்டார், 1984இல குவான்டாஸிட்ட இருந்து ரெண்டு ஜம்போ 747, அது கன காலம் நிக்கேல்ல, இந்தச் சின்ன நாட்டுக்கு ஜம்போ என்னத்துக்கு எண்டு அப்பவே கேட்டிருக்கவேணும். 1992இல ஏ320, 1994இல ஏ340, 1998இல எமிரேற்ஸ் வந்து நிர்வாகத்தை எடுத்து பேரும் ஸ்ரீலங்கன் எண்டு மாறினது, அதுக்குப் பிறகு ஏ330 வந்தது. எமிரேற்ஸ் காலத்தில கொம்பனி ஒரு ஒழுங்கில நடந்தது எண்டுதான் ஊழியர்மார் கனபேர் சொல்லுவினம், 2007 கடைசியில லண்டனில சனாதிபதியின்ர ஆக்களுக்கு சீற் குடுக்கிற பிரச்சினையில தலைமை அதிகாரியின்ர வேலை விசாவைப் பறிச்சு, 2008இல ஒப்பந்தம் முடிய எமிரேற்ஸ் நிர்வாகத்தை விட்டுப் போனது, அதுக்குப் பிறகு கன வருசம் நட்டம்தான். ரூட்டும் விமானமும் கொழும்பில ஆர் கதிரையில இருக்கினம் எண்டதைப் பாத்து மாறத் தொடங்கினது அங்கதான்.

"பலாலிக்கு வந்தா வருமானம் வராது, நாங்கள் வியாபாரக் கணக்குத்தான் பாக்கிறம்" எண்டு சொல்லுவீங்கள் எண்டு தெரியும். வியாபாரக் கணக்கோ? 2013 மார்ச்சில தெற்கில மத்தளையில 3,500 மீற்றர் ஓடுபாதையோட சர்வதேச விமான நிலையம் திறந்தவை, தேசிய சேவை எண்டு உங்கட விமானங்களை அங்க கொண்டுபோய் இறக்கினீங்கள், ஏற ஆக்கள் இல்லை, 2015 ஜனவரியில ஆட்சி மாற, நிப்பாட்டினீங்கள். பிறகு அந்தக் கட்டடத்தில நெல்லு மூட்டை அடுக்கினது உலகச் செய்தியாப் போச்சு. சனமே இல்லாத இடத்துக்கு ஏ330ஐயும் ஏ320ஐயும் விட்ட கொம்பனி, சனம் வரிசையில நிக்கிற இடத்துக்கு வியாபாரக் கணக்குக் காட்டுறதை எப்பிடி நம்பிறது.

விமானக் கொள்வனவும் அப்பிடித்தான். 2013இல ஆறு ஏ330-300, நாலு ஏ350-900 எண்டு ஓடர் குடுத்தீங்கள், அதுக்கு மேலால வேற ஏ350களைக் குத்தகைக்கும் பேசினீங்கள். ஏ350 ஒண்டுகூட வரேல்ல. வேண்டாம் எண்டு சொல்லவே கோடிக்கணக்கான டாலர் குடுத்தது, கொழும்பில இருந்து ஐரோப்பாவுக்குப் போற வழியளைக் குறைச்ச காலத்தில அவ்வளவு பெரிய விமானம் ஓடுறதுக்கு இடம் இல்லாமல் ஒரு ஏ330ஐ பாகிஸ்தான் கொம்பனிக்கு வாடகைக்கும் விட்டீங்கள். 2020 ஜனவரியில எயார்பஸ் பிரித்தானியாவிலயும் பிரான்சிலயும் அமெரிக்காவிலயும் லஞ்ச வழக்கை முடிக்க 360 கோடி யூரோ கட்ட ஒத்துக்கொண்டது, லண்டன் நீதிமன்றத்துக்குப் போன பத்திரத்தில உங்கட கொள்வனவும் இருக்கு, கொம்பனியின்ர அதிகாரி ஒருத்தரின்ர மனுசியை இடைத்தரகராப் போட்டு 20 லட்சம் டாலர் குடுபட்டது எண்டு எழுதியிருக்கு. அந்தக் காலத்தில எந்த விமானம் தேவை எண்டு ஆர் முடிவெடுத்தது, எந்தக் கணக்கை வைச்சு முடிவெடுத்தது? அதே மேசையிலதான் பலாலிக்கு ஏத்த விமானம் வேண்டாம் எண்டும் முடிவாகியிருக்கு, அதால இதைக் கேக்க எனக்கு உரிமை இருக்கு.

2022இல எண்ணெய் இல்லாமல் உங்கட விமானங்கள் திருவனந்தபுரத்திலயும் சென்னையிலயும் இறங்கி எண்ணெய் அடிச்சுக்கொண்டு போனது. அரசாங்கம் பிணை நிண்ட 17.5 கோடி டாலர் கடன்பத்திரம் கட்டேலாமல் நிண்டது. விக்கப் பாத்தவை, விலைபோகேல்ல, விக்கேல்ல எண்டு 2024இல வந்த அரசாங்கம் சொன்னது. விக்காட்டி நல்லது. அப்ப அது எல்லாற்ற கொம்பனியும் எண்டுதானே அர்த்தம், வடக்கில இருக்கிற ஆளுக்கும் சேர்த்து.

சனம் இருக்கோ இல்லையோ எண்டு சந்தேகம் எண்டா பலாலியில நடந்ததைப் பாருங்கோ. 2019 ஒக்ரோபர் 17 யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்தது, நவம்பரில இந்திய அரசாங்கத்தின்ர அலையன்ஸ் எயார் சென்னையில இருந்து ஓடத் தொடங்கினது, கொரோனாவோட நிண்டது, 2022 டிசம்பரில திரும்ப வந்தது. 2024 செப்டம்பரில இண்டிகோ சென்னைக்கு, 2025 மார்ச் கடைசியில திருச்சிக்கும். எல்லாம் ஏடிஆர். இந்திய அரசாங்கத்துக்கு இதில அரசியல் இருக்கு, இல்லை எண்டு சொல்லேல்ல, ஆனா இண்டிகோ தனியார் கொம்பனி, காசு வராத இடத்துக்கு ரெண்டாவது ரூட் போடுவானோ? வெளிநாட்டு விமானம் வந்து போற எங்கட ஊருக்கு நாட்டின்ர சொந்த விமானம் மட்டும் வராது, இதைப் பிள்ளையளுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது எண்டு எனக்குத் தெரியேல்ல.

அவை வாறது காணும்தானே எண்டும் கேப்பீங்கள். காணாது. ஜேர்மனியில இருக்கிற தங்கச்சி போன வருசம் சென்னையால பலாலிக்கு வர விரும்பினவ. ரிக்கெற் போட்டுக் குடுத்த இடத்தில, பேர் வேண்டாம், ரெண்டு தனித்தனி ரிக்கெற்றாப் போட்டு "ஒரு பிரச்சினையும் இல்லை" எண்டு சொல்லி அனுப்பியிட்டினம். விடிய எயார்போர்ட்டில செக்-இன் பண்ணப்போனா, சென்னையில லக்கேஜை எடுத்துத் திரும்பப் போடவேணும், வெளிய வரவேணும், இந்திய விசா எங்க எண்டு கேட்டு ஏத்தவே இல்லை. கைக்குழந்தையோட நிண்டவ. அங்கயே புது ரிக்கெற் எடுத்து கொழும்புக்கு வந்து, பிறகு என்ன, வான்தான். இங்கதான் தேசிய விமான சேவையின்ர வேலை இருக்கு. ஜேர்மனியிலயோ லண்டனிலயோ குடுத்த பையை பலாலியில எடுக்கக்கூடிய ஒரே ரிக்கெற், அதை எங்களுக்குத் தரவேண்டிய கொம்பனி நீங்கள்தான்.

ஓடுபாதையைப் பற்றி ஒரு சொல். இதைக் கவனமா வாசியுங்கோ, ஏனெண்டா இந்தக் கடிதத்தைக் காட்டி "யாழ்ப்பாணத்துச் சனமே கேக்குது" எண்டு சொல்லி ஆரும் காணி பிடிக்க வரக்கூடாது. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைச் சனம் 1990 ஜூனில உடுத்த உடுப்போட வெளிக்கிட்டது. எங்கட அம்மம்மா வீடும் அதுக்குள்ளதான், கிணறும் ரெண்டு பலாமரமும் வைச்ச காணி, அவ திரும்பிப் பாக்காமலே போய்ச்சேந்திட்டா. கொஞ்சம் கொஞ்சமா விட்டிருக்கினம், இன்னும் விடாத காணி இருக்கு. ஏ320 இறங்கவேணும் எண்டு ஓடுபாதையை நீட்டப்போறம் எண்டு வெளிக்கிட்டா, முதல்ல கைவைக்கிறது அந்தச் சனத்தின்ர காணியிலதான் இருக்கும். அதாலதான் ஏடிஆர் மாதிரி விமானத்தை நான் கேக்கிறன். ஒரு பரப்புக் காணி தேவையில்லை, ஒரு வீட்டுக்காரரும் எழும்பத் தேவையில்லை, இருக்கிற ஓடுபாதை காணும். எங்களுக்கு ஜெற் வேணும் எண்ட பெருமை ஒண்டும் இல்லை.

ஏடிஆர் புதுசா வாங்கச் சொல்லேல்ல, ரெண்டைக் குத்தகைக்கு எடுங்கோ, ஒரு ஏ330 எடுக்கிற குத்தகைக் காசோட ஒப்பிட்டா அது சின்னக் காசு, குறுகிய வழிக்கு எண்ணெயும் ஜெற்றைவிடக் குறைய எரிக்கும், பலாலி சென்னை, பலாலி திருச்சி, கட்டுநாயக்கா பலாலி மூண்டையும் சுத்திச் சுத்தி ஓடலாம். மட்டக்களப்புக்கும் அந்த விமானமே போகும், கிழக்கிலயும் இதே கதைதான் எண்டு அங்க இருக்கிற ஆக்களைக் கேட்டா சொல்லுவினம். புது ரக விமானம் எண்டா பைலட் பயிற்சி, பொறியியலாளர் உரிமம், உதிரிப்பாகம் எல்லாம் தனியா வேணும், அது சும்மா விசயமில்லை, எனக்கும் விளங்குது. அதுக்கும் வழி இருக்கு, முதல் ரெண்டு மூண்டு வருசத்துக்கு விமானமும் பைலட்டுமா சேர்த்துக் குத்தகைக்கு எடுக்கிறது உலகம் முழுக்க நடக்கிறதுதானே, நீங்களே பாகிஸ்தானுக்கு அப்பிடித்தானே குடுத்தீங்கள். ட்வின் ஓட்டர் வைச்சு தண்ணியில இறங்கிற எயார் டாக்ஸி ஓட்டின கொம்பனிக்கு ஏடிஆர் ஓட்டத் தெரியாது எண்டு நான் நம்பேல்ல.

இனி நான் கேக்கிறது. அடுத்த விமானம் எதுக்கும் கையெழுத்து வைக்க முதல், ரெண்டு புரொப்பெல்லர் விமானம் எடுத்தா என்ன செலவு, பலாலி வழியளில என்ன வரவு எண்ட ஆய்வைச் செய்து, இலக்கங்களோட, தமிழிலயும் சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் வெளியிடுங்கோ. கணக்குச் சரிவராட்டி அந்தக் கணக்கையே காட்டுங்கோ, நாங்கள் வாசிச்சுப் பாக்கிறம். அதுவரைக்கும் இப்ப பலாலிக்கு வாற இந்தியக் கொம்பனியளோட பேசி ஒரே ரிக்கெற், ஒரே லக்கேஜ் எண்ட ஒப்பந்தத்துக்கு முயற்சி செய்யுங்கோ, அதுக்கு ஒரு விமானமும் வாங்கத் தேவையில்லை. யாழ்ப்பாண ரவுணில ஒரு செக்-இன் கவுண்டர் திறந்து, பையை இஞ்ச வாங்கி, ரிக்கெற்றோட சேர்ந்த நல்ல பஸ் ஒண்டை, ரெண்டு சாரதி போட்டு, கட்டுநாயக்காவுக்கு விடுங்கோ, அதை நாளைக்கே தொடங்கலாம், வயது போனவையும் நோயாளியளும் இரவிரவா வானில சாகாமல் போவினம்.

அமைச்சர் ஐயாவிட்டக் கேக்கிறது தனி. பலாலி ஓடுபாதையைப் பற்றி எந்த முடிவு எடுத்தாலும் பலாலியைச் சுத்தியிருக்கிற வலிகாமம் வடக்குச் சனத்தை இருத்திக் கதைச்சு, எழுத்தில எடுங்கோ, தனியார் காணியில ஒரு அடியும் புதுசா எடுக்கமாட்டம் எண்டு அதிலயே எழுதுங்கோ. எயார் சிலோன் பறக்கத் தொடங்கி 2027 டிசம்பர் 10 எண்பது வருசம் ஆகுது. அண்டைக்குள்ள தேசிய விமான சேவையின்ர விமானம் ஒண்டு பலாலியில இறங்கி சென்னைக்குப் போகவேணும், அதைத் திகதி போட்டு அறிவியுங்கோ.

இந்த மடலுக்கு மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில, தமிழில பதில் வேணும். வராட்டி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ விண்ணப்பம் போடுவன், 2009க்குப் பிறகு பலாலிக்கு சேவை நடத்துறதைப் பற்றி பணிப்பாளர் சபை எப்ப எப்ப கதைச்சது, என்ன முடிவெடுத்தது எண்ட கூட்டக் குறிப்புகளின்ர பிரதி கேட்டு.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில இருந்து, கட்டுநாயக்காவுக்கு வானில வந்து உங்கட விமானத்தில ஏறுற ஒரு பயணி